மொனாக்கோ பாறையில் மூன்று கேன்சல் ஃபாரம்

1

போன மாதம் நாங்கள் மூன்று பேர் ஒரு நாட்டுக்குள் நுழைந்தோம். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

பிரான்சின் நீஸ் நகரத்தில் காலையில் ரயில் ஏறினோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் மலை, நடுநடுவே குகை. அரைமணி நேரம்கூட ஆகவில்லை, ரயில் ஒரு மலையின் வயிற்றுக்குள் போய் நின்றது. சுவரில் ‘மொனாக்கோ’ என்று எழுதியிருந்தது. ஜனங்கள் இறங்கி நடந்துகொண்டே இருந்தார்கள். நான் மட்டும் பாஸ்போர்ட் வைத்த ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு கவுன்டர் எங்கே என்று பார்த்தேன். கவுன்டர் இல்லை. வரிசை இல்லை. ‘ஃபேமிலி இந்தப் பக்கம்’ என்று அதட்ட ஆள் இல்லை. பளிங்கு பதித்த நீளமான நடைபாதையும் நகரும் படிகளும்தான் இருந்தன.

சீருடையில் நின்ற ஒருவரிடம் போய், “இமிக்ரேஷன்?” என்றேன். அவர் வெளியே போகும் வழியைக் காட்டினார்.

“வாப்பா, ஃபிரான்ஸ் விசா இருந்தா போதும், இங்க செக்கிங் கிடையாதுன்னு ட்ரெய்ன்லயே சொன்னேன்ல?” என்றாள் நஸ்ரின். என் ஒரே மகள். வயது பதினேழு. பன்னிரண்டாம் வகுப்பு.

“செக்கிங் இல்லாம ஒரு நாடு எப்படி நடக்கும்?”

“நல்லா நடக்குது. பாருங்க.”

என் மனைவி ஜீனத் இதில் தலையிடவில்லை. அவள் தோள் பையில் குப்பூஸ் ரொட்டியும், பொரித்த கோழியும், எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. அஜ்மானில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் கஃபட்டேரியாவில் வாங்கி, ஹோட்டல் குளிர்பெட்டியில் வைத்திருந்து, ஐரோப்பாவில் தூக்கிக்கொண்டு திரிகிறோம். ஹலால் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். இந்தப் பையை யாராவது சோதித்தால் என்ன சொல்வது என்று மூன்று நாளாக நான் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

2

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் கலக்கம் புரிய வேண்டுமென்றால் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அஜ்மானில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கம்பெனியில் நான் பி.ஆர்.ஓ. பெயரைப் பார்த்துப் பெரிதாக நினைக்க வேண்டாம். வேலையாட்களுக்கு விசா எடுப்பது, மெடிக்கலுக்குக் கூட்டிப் போவது, புதுப்பிப்பது, வேலை முடிந்தால் கேன்சல் செய்வது. சுருக்கமாகச் சொன்னால், வரிசையில் நிற்பது. இருபத்திரண்டு வருஷம் நின்றேன். எந்த ஆபீசில் எந்தக் கவுன்டரில் இருப்பவர் தொழுகைக்கு எப்போது எழுந்து போவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. கேன்சல் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கும் முன்பு அதை அந்த ஆளுக்குப் படித்துக் காட்டிவிடுவேன். தமிழில், மலையாளத்தில், அரைகுறை உருதுவில். “பாய், இதுல கையெழுத்துப் போட்டா உங்க விசா முடிஞ்சுது. சம்பள பாக்கி எல்லாம் வந்துருச்சா? சம்மதம்தானா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுப்பேன். இந்த வழக்கத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன்.

கல்யாணமாகி இருபது வருஷம் நிறைவதற்காகத்தான் இந்தப் பயணம். நஸ்ரின் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு விசாவில் இரண்டு நாடு பார்க்கலாம் என்பதால் எனக்கும் ஒப்புக்கொள்ளத் தோன்றியது. விசாவுக்குக் கம்பெனிக் கடிதம் வேண்டும். ‘இவர் எங்கள் நிரந்தர ஊழியர், விடுமுறை முடிந்ததும் வேலைக்குத் திரும்புவார்’ என்று நானே டைப் செய்தேன். அர்பாப் கையெழுத்துப் போட்டார். அர்பாப் என்றால் முதலாளி, கம்பெனிக்குச் சொந்தக்காரர். விசா வந்தது. அடுத்த வாரம் அர்பாப் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“ஷாகுல் பாய், அப் சப் குச் மொபைல் மே ஹை” என்றார். எல்லாம் இப்போது மொபைலில் வந்துவிட்டது. அவர் சொன்னது நிஜம். எந்த ஆபீசிலும் இப்போது வரிசை கிடையாது. அவர் மகன் காரில் உட்கார்ந்தபடியே மூன்று பேருக்கு விசா புதுப்பிக்கிறான். வரிசையை ஒழித்துவிட்டார்கள், வரிசையில் நிற்பவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “கலாஸ்” என்றார், முடிந்தது என்று அர்த்தம். நல்ல மனிதர். எனக்குச் சுலைமானி டீ வரவழைத்துக் கொடுத்தார். மாதக் கடைசியோடு வேலை முடிவு.

இடத்துக்குத் திரும்பி வந்தேன். கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. என் பெயரில் ஒரு கேன்சல் ஃபாரம் டைப் செய்தேன். என் விசா போனால் குடும்பத்தின் விசாவும் போகும், ஆகவே ஜீனத்துக்கு ஒன்று, நஸ்ரினுக்கு ஒன்று. அச்சடித்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் அவரவர் பாஸ்போர்ட் ஜெராக்ஸை வைத்துப் பின் அடித்தேன். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. மூன்றையும் ஃபைலில் வைத்தேன். அத்தனையும் அரைமணி நேரத்தில் முடிந்தது.

வீட்டில் சொல்வதுதான் முடியவில்லை. பிப்ரவரியில் நஸ்ரினுக்குப் பொதுத் தேர்வு. விசா கேன்சலான பிறகு தங்குவதற்குத் தரும் அவகாசம் அதுவரை போதுமா போதாதா என்று எனக்குத் தெரியும், போதாது. ஐந்து வயதில் அஜ்மானுக்கு வந்தவள். அங்கேயே கல்லூரியில் சேர வேண்டும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய், பெட்டியைக் கட்டு என்று எப்படிச் சொல்வது? எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். வெளிநாட்டில், நல்ல காட்சியுள்ள ஒரு இடத்தில், நான்கு பேர் நடமாடும் நேரத்தில் சொல்லிவிடுவது. நான்கு பேர் முன்னால் ஜீனத் அழமாட்டாள்.

3

மொனாக்கோவின் பழைய நகரம் ஒரு பாறை மேல் இருக்கிறது. பாறை என்றே அதற்குப் பெயர். மூன்று பக்கம் கடல், உச்சியில் அரண்மனை. கீழே சந்தைச் சதுக்கத்திலிருந்து செங்கல் பாவிய சரிவுப் பாதை மேலே ஏறுகிறது. பஸ்ஸும் போகிறது, ஆனால் நடந்து ஏறினால் சொல்வதற்கு நேரம் கிடைக்கும் என்று நான் நடக்கச் சொன்னேன். ஏறத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வாங்கும் என்பது நினைவுக்கு வந்தது. அஜ்மானில் மேடு கிடையாது.

பாதி வழியில் நின்று கீழே பார்த்தோம். துறைமுகம் முழுக்க வெள்ளைப் படகுகள். சுற்றிலும் ஒன்றின் தோள்மேல் ஒன்றாக அடுக்குமாடிகள், அதற்கு நடுவே கிரேன்கள். பாறைக்கு அந்தப் பக்கம் தெரிந்த பகுதியே கடலைத் தூர்த்து உண்டாக்கியது என்று நஸ்ரின் மொபைலில் பார்த்துச் சொன்னாள். இந்த நாட்டில் குடிமக்கள் குறைவு, வெளிநாட்டுக்காரர்கள் அதிகம். வருமான வரியும் இல்லை என்றாள்.

“அப்ப இது அஜ்மான் மாதிரிதான் இருக்கு. இதைப் பாக்கவா ஆறரை மணி நேரம் பறந்து வந்தோம்?” என்றாள் ஜீனத்.

“அஜ்மான்ல இவ்வளவு பூ இல்ல உம்மா.”

“கார்னிஷ்ல, கடற்கரை ரோட்டுல இருக்கு.”

எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. இந்த நாட்டின் நடைமுறை எனக்குப் புரிகிறது. யார் சொந்தக்காரர், யார் வந்தவர், யார் எவ்வளவு நாள் இருக்கலாம் என்பது எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். கவுன்டர்தான் கண்ணுக்குத் தெரியவில்லை.

நஸ்ரின் பள்ளியில் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். தமிழ் அந்தப் பள்ளியில் இல்லை, இந்தி பிடிக்காது என்று அவளே முடிவு செய்தது. அன்று முழுக்க அவள்தான் எங்களுக்கு வாய். வழி கேட்பது, கழிப்பறை கேட்பது எல்லாம் அவள். வழி விட்ட ஒரு கிழவரிடம் நான் “ஷுக்ரன்” என்று அரபியில் நன்றி சொன்னேன். ஜீனத் குழந்தை வண்டி தள்ளி வந்த பெண்ணிடம் “யல்லா, யல்லா, நீங்க போங்க” என்றாள். நஸ்ரின் எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்தாள். பிறகு நாலடி.

“சொல்லணும்னு நினைச்சேன்” என்று ஜீனத்திடம் தொடங்கினேன்.

“மேல போய்ச் சொல்லுங்க மச்சான். மூச்சு வாங்குது உங்களுக்கு” என்றாள் அவள்.

ஜீனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி முதல் எட்டு வருஷம் ஊரிலேயே இருந்தாள். நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விருந்தாளியாகப் போவேன். அஜ்மானுக்கு வந்த பிறகு சும்மா இருக்கவில்லை. ஒரு பள்ளியில் கே.ஜி. டீச்சரானாள். கார் ஓட்டப் பழகினாள். மூன்றாவது டெஸ்டில் பாஸ். நான் ஆறாவதில். கே.ஜி. பிரிவுக்குப் பொறுப்பாளராக வரச் சொல்லி இரண்டு முறை கேட்டார்கள். “இன்னும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம், எதுக்கு அந்தத் தலைவலி?” என்று இரண்டு முறையும் நான்தான் தடுத்தேன். ‘இன்னும் ரெண்டு வருஷம்’ என்பதை நான் பதினைந்து வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஊரில் வீடு கட்டி நாலு வருஷம் ஆகிறது. ஓடு, கதவு, மின்விசிறி எல்லாம் நான் வாட்ஸ்அப்பில் தேர்ந்தெடுத்தவை. அந்த வீட்டில் மொத்தமாக நான் தூங்கியது பதினெட்டு நாள்.

4

பாறை உச்சியில் தெருக்கள் எல்லாம் சந்துகள்தான். மஞ்சள், ரோஜா நிறச் சுவர்கள். கழுவித் துடைத்த சுத்தம். ஒவ்வொரு கதவும் அன்று காலைதான் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. அரண்மனைச் சதுக்கத்தின் ஓரத்தில் பீரங்கிகளும், அடுக்கி வைத்த இரும்புக் குண்டுகளும். பக்கத்தில் ஒரு சிலை: துறவி அங்கி போட்ட ஒருவர், அங்கிக்குள் வாள்.

நஸ்ரின் அறிவிப்புப் பலகையைப் படித்துச் சொன்னாள். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மனிதர் துறவி வேஷம் போட்டு, தங்க இடம் கேட்பதுபோல் கோட்டைக்குள் நுழைந்தார். உள்ளே போனதும் வாளை உருவிக் கோட்டையைப் பிடித்துவிட்டார். அந்த வம்சத்தார்தான் இன்றைக்கும் ஆள்கிறார்கள்.

தொழில்முறையில் எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடித்தது. பொய்யான காரணம் சொல்லி நுழைந்திருக்கிறார். ஸ்பான்சர் இல்லை, மெடிக்கல் இல்லை. எழுநூறு வருஷமாக ரின்யூவலும் இல்லை. அதற்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள். சிலையின் முகத்தை நெடுநேரம் பார்த்தேன். என் பையில் இருந்த கம்பெனிக் கடிதமும் இப்போது பொய்யாகிவிட்ட ஒன்றுதான், ஆனால் என்னிடம் வாள் இல்லை.

வெயில் ஏறியது. ஒரு சந்தில் பலகாரக் கடை. கீரையும் சீஸும் வைத்துப் பொரித்த ஏதோ ஒன்று. நம்ம சமோசாவுக்குத் தூரத்துச் சொந்தம். விலைப் பலகையைப் பார்த்துவிட்டு ஜீனத், “அம்மாடி! ஒண்ணுக்கா இது?” என்றாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தமிழோ? எவ்விடம் நீங்கள்?”

“துபாய் பக்கம்” என்றேன்.

“அது இருக்கட்டும். சொந்த இடம்?”

“ராமநாதபுரம் பக்கம், கடற்கரை ஊரு.”

“அப்ப எதிர்க்கரை. நான் மன்னார்” என்று சிரித்தார். பெயர் ரஞ்சன். ஐம்பது வயதிருக்கும். “இதுக்குள்ள இறைச்சி இல்லை, நம்பிச் சாப்பிடுங்கோ” என்று மூன்று பலகாரத்தைத் தாளில் சுற்றி நீட்டினார். பையில் இருந்த கோழியைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை.

“நீங்க இங்கயே மேலதான் இருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“இஞ்சயோ? சரிதான்! இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் ஒருத்தரும் இஞ்ச இருக்கிறேல்லை அண்ணை. வாடகை குடுத்துக் கட்டுமோ? விடிய நீஸிலயிருந்து ரயிலில வாறது, பின்னேரம் ரயிலில போறது. பின்னேரம் ஆறு மணிக்குப் பாருங்கோ, நாடே ஸ்டேஷனிலதான் நிற்கும்.”

இதை அவர் எனக்கு விளக்க வேண்டியதே இல்லை. வாடகை கட்டுபடியாகாமல் அஜ்மானில் படுத்து, காலையில் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் பஸ் ஏறுகிற அத்தனை பேரும் எனக்குத் தெரிந்தவர்கள். அவர் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. எண்ணெய்க் கையாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

“லீவு முடிஞ்சு எப்ப டியூட்டிக்கு?” என்றார் ரஞ்சன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

வாயில் பலகாரம் இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தேன். ஜீனத்தான், “ஞாயித்துக்கிழமை போயிரணும்ங்க. திங்கக்கிழமை இவுகளுக்கு டியூட்டி, எனக்கும் ஸ்கூலு” என்று பதில் சொன்னாள். இருபது நாளாக நான் அவளிடம் சொன்ன பொய்யை அவள் எனக்காக இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் முறையாக எனக்குக் கண் எரிந்தது. ஊறுகாயை இன்னும் பையை விட்டே எடுக்கவில்லை.

5

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அரண்மனை வாசலில் காவல் மாறும். கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய காவலர் நிற்கிறார், புதுக் காவலர் வருகிறார், வாத்தியம் முழங்குகிறது, சுற்றுகிறார்கள், பழையவர் போகிறார், புதியவர் நிற்கிறார். நான் ஆடாமல் அசையாமல் பார்த்தேன். ஒரு மனிதனுக்கு நிற்பதற்காக மட்டும் சம்பளம் கொடுக்கிறார்கள். அதை மொபைலில் மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பையன் நின்ற விதம் எனக்குத் திருப்தி. முட்டியை லேசாகத் தளர்த்தி நிற்க வேண்டும், இல்லையென்றால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து நஸ்ரின் தோளைத் தட்டினாள். “வாப்பா, டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்ல பாஸ்போர்ட்ல மொனாக்கோ ஸ்டாம்ப் குத்தித் தர்றாங்களாம். ஜஸ்ட் ஃபார் மெமரி. என் பாஸ்போர்ட் குடுங்க.”

“பாஸ்போர்ட்லயா? ஒரு கவர்ன்மென்ட் டாக்குமென்ட்ல சும்மா ஞாபகத்துக்கு முத்திரையா? திரும்பிப் போறப்ப ஏர்போர்ட்ல யாரு பதில் சொல்றது?”

“எல்லாரும் குத்துறாங்க வாப்பா.”

“எல்லார்கிட்டயும் இருக்கறது நம்ம பாஸ்போர்ட் இல்ல.” காவலர்கள் இன்னும் சுற்றி முடிக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்க வேண்டும். “ஜெராக்ஸ்ல குத்திக்கோ. உன் பாஸ்போர்ட் காப்பி ஃபைல்ல இருக்கும் பாரு.”

சொல்லிவிட்டு ஃபைலை அவள் கையில் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஃபைலை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. அர்பாப் கேட்டால்கூட வேண்டிய தாளை உருவித்தான் கொடுப்பேன். ஒரு வாத்திய முழக்கத்துக்கு மயங்கிக் கொடுத்துவிட்டேன்.

அவளுடைய ஜெராக்ஸ் எதன் பின்னால் பின் அடித்திருக்கிறது என்பது, புதுக் காவலர் நிலைக்கு வந்து நின்று, கூட்டம் கை தட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். பீரங்கிக்குப் பக்கத்தில் அவள் மூன்று தாளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முத்திரை குத்தப் போகவில்லை.

6

கோபம் வந்தால் நஸ்ரினுக்குத் தமிழ் போய்விடும். “வாட் இஸ் திஸ், வாப்பா?” என்றாள். குரல் உயரவில்லை. பிறகு தன் பெயர் போட்ட ஃபாரத்தை எனக்கே படித்துக் காட்டினாள். பெயர். பாஸ்போர்ட் எண். ஸ்பான்சருடன் உறவு: மகள். கேன்சல் செய்யக் காரணம்: நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறார். போகும் இடம்: சொந்த நாடு. நான் டைப் செய்ததில் ஒரு பிழையும் இல்லை.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து குப்பூஸைப் பிட்டுக்கொண்டிருந்த ஜீனத் எழுந்து வந்தாள். தன் பெயர் போட்ட தாளை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“வேலை போயிருச்சா மச்சான்?”

“ஆமா.”

“எப்ப?”

“இருபது நாளாச்சு. மேல வந்து சொல்லலாம்னு…”

“வேலை போனா போகுது. யாருக்குத்தான் போகல? நம்ம ஊரு கைசர் மச்சானுக்குப் போகலயா, ரெண்டு மாசத்துல வேற கிடைக்கலயா?” அவள் அழவில்லை. நான் நினைத்ததும் அதுதான், ஆனால் நான்கு பேர் பார்ப்பதால் அல்ல. “இருபது நாளா என்கூட உக்காந்து சோறு தின்னுருக்கீங்க. அதுக்கும் மேல, என் பேர்ல ஃபாரம் ரெடி பண்ணி வச்சுருக்கீங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கம்பெனி ஆளுங்களுக்கு எல்லாம் படிச்சுக் காட்டிட்டுத்தான் சைன் வாங்குவீங்களாமே” என்றாள் நஸ்ரின். இப்போது தமிழ் திரும்பியிருந்தது. “எங்களுக்கு?”

வெட்கமாக இருந்தது. இந்த வயதில், பெற்ற பிள்ளை முன்னால், வெள்ளைக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு சதுக்கத்தில் அப்படி வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்று பேரும் நடந்தோம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்பதால் பார்க்க வேண்டியவற்றைப் பார்த்தோம். வெள்ளைக் கல்லில் கட்டிய தேவாலயம் வந்தது, பார்த்தோம். கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை மேல் ஒரு மீன் காட்சிசாலை. அதை வெளியே நின்று பார்த்தோம். அதற்குப் பக்கத்துத் தோட்டத்தில், பைன் மரத்தடியில் ஒரு பெஞ்சில் ஜீனத் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். நடுவில் பை.

ஜீனத் கடலைப் பார்த்தபடியே கேட்டாள். “ஒரு பொம்பளை தன் புருஷனுக்கு ஸ்பான்சர் பண்ண முடியுமா?”

“முடியும்.”

“என்னென்ன வேணும்?”

கேட்டால் சொல்லிப் பழகிய வாய். “வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, அட்டஸ்ட் பண்ண நிக்காஹ் சர்டிஃபிகேட், அவ பேர்ல வீட்டு வாடகை ஒப்பந்தம். பிள்ளையையும் எடுக்கணும்னா தகப்பன் சம்மதக் கடிதம்” என்று கடகடவென்று ஒப்பித்தேன். எத்தனை டாக்டரம்மா, நர்ஸம்மாவுக்கு இதை டைப் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கே எனக்கென்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. “ஆனா உன் சம்பளம் அந்த வரம்புக்கு வராது” என்று முடித்தேன்.

“கே.ஜி. இன்சார்ஜ் சம்பளம் வரும்ல?”

“வரும்.”

“போன வாரமும் பிரின்சிபால் மேடம் கேட்டாங்க. ‘இவுக வேணாம்னு சொல்லுவாக’ன்னு சொல்லிட்டு வந்தேன். இன்னும் யாரையும் போடல.”

“ஜீனத், ஊர்ல இருக்கறவன் என்ன சொல்லுவான்? பொண்டாட்டி விசாவுல உக்காந்துருக்கான்னு…”

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “ஊர்ல நீங்க யாரு வீட்டுல இருந்தீங்க மச்சான்?”

இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவார். என் வாப்பா அப்படிப் போனவர், அவருடைய வாப்பாவும் அப்படியே. நான் வாட்ஸ்அப்பில் ஓடு பொறுக்கிக் கட்டிய வீடும் ஜீனத் பெயரில்தான் இருக்கிறது; அடுத்து அது நஸ்ரினுக்கு. ஊரில் யாரும் இதை ஒரு பேச்சாகவே எடுப்பதில்லை.

“அப்ப ஊருக்குப் போக வேணாமா?” என்று கேட்டேன். “உனக்கு ஊருக்குப் போகணும்னு…”

“அது நீங்க சொன்னது. ‘இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் ரெண்டு வருஷம்’னு உங்க வாய்தான் சொல்லுச்சு. எட்டு வருஷம் அங்க தனியாத்தானே இருந்தேன்? திரும்பவும் அங்க போய் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்க?” கொஞ்சம் நிறுத்தினாள். “என் ஸ்கூலு இங்கதான் இருக்கு.”

இங்கே என்று அவள் சொன்னது மொனாக்கோவை அல்ல.

நஸ்ரின் பின்னால் நின்று கேட்டிருக்க வேண்டும். முன்னால் வந்து, என்னிடம் அனுமதி கேட்காமல், தன் ஃபாரத்திலிருந்து பின்னைக் கழற்றினாள். ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டாள். “ஸ்டாம்ப் குத்திட்டு வர்றேன்” என்று போய்விட்டாள். கால்மணி நேரத்தில் திரும்பினாள். ஜெராக்ஸின் நடுவில், அவள் ஃபோட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு முத்திரை. சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை என்று நான் சொல்லவில்லை.

மீதிக் கோழியை அந்தப் பெஞ்சிலேயே சாப்பிட்டோம். ஊறுகாயை ஜீனத் எனக்கு எடுத்து வைத்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு சீரானது.

7

ஞாயிற்றுக்கிழமை அஜ்மான் திரும்பினோம். திங்கட்கிழமை காலை ஜீனத் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்து, பொறுப்பாளர் வேலைக்குச் சம்மதம் சொன்னாள். எனக்கும் டியூட்டி இருந்தது, கடைசி வாரம். என் கேன்சல் ஃபாரத்தில் அர்பாப் முன்னால் கையெழுத்துப் போட்டேன். யாரும் படித்துக் காட்டவில்லை. நானே ஒருமுறை, மெதுவாக, தமிழில் மனசுக்குள் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

நஸ்ரின் இன்னும் என்னோடு முழுக்கப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். மகளை அவள் தாய் ஸ்பான்சர் செய்யத் தகப்பனுடைய சம்மதக் கடிதம் ஒன்று வேண்டும் என்றேனே, அதை டைப் செய்து முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். “படிச்சுப் பாரு. சம்மதமா?” என்றேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “ஓகே” என்று திருப்பிக் கொடுத்தாள். தேர்வு முடியும்வரை நான் அவளிடம் வேறு எதுவும் கேட்பதாக இல்லை.

என் விண்ணப்பத்தை மட்டும் கடைசியாக வைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தேன். வெளியே போக வேண்டியதில்லை, வரிசை இல்லை. ஸ்பான்சர் பெயர்: ஜீனத். உறவு: கணவன். பாஸ்போர்ட், ஃபோட்டோ, எல்லாம் ஏற்றினேன். அடுத்த கட்டத்தில் தொழில் கேட்டார்கள். வேலையில்லாதவருக்கு ‘இல்லை’ என்று போட வேண்டும்.

அந்த ஒரு சொல்லை இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை வீட்டுப் பெண்களின் பெயருக்கு நேரே தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பட்டதாரிகள், ஊரில் டீச்சராக இருந்துவிட்டு வந்தவர்கள், தையற்கடை நடத்தியவர்கள். அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே தட்டுவேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜீனத்துக்கும் நானேதான் தட்டினேன். அப்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விரலைத் தூக்கினேன். இறக்க முடியவில்லை. சமையலறையிலிருந்து ஜீனத் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன மச்சான், நெட் போயிருச்சா?”

நெட் நன்றாகத்தான் இருந்தது.